பதினொரு நிமிடம் அறாத இணைப்பு

நேற்றிரவு 9.40 மணிக்குத் தொலைபேசி லைன் வழியே போட்ட இணைய இணைப்பு 11.52-க்கு நின்றது. தானாக அறவில்லை, நானே நிறுத்தினேன். இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்! எதையும் இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பிங் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, கணினியைத் தொலைபேசி லைனோடு சேர்க்கும் மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடத்திற்கு ஒன்று என்ற கணக்கில் போன் பில்லில் 44 லோக்கல் கால். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

புரட்டாசியில் தொடங்கிய தொல்லை கார்த்திகை பிறந்துதான் தீர்ந்திருக்கிறது. இது 2001-ஆம் ஆண்டுக் கணக்கு. நோட்டில் கிறுக்கி வைத்தவை மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். சின்ன ஊர்களில், போனில் எண்ணை டயல் செய்து இணையத்துக்குப் போகும் உள்ளூர் நிறுவனத்தின் டயல்-அப் இணைப்பை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குப் பயன்படலாம்.

கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்கட்டுதான் கடை. மலர், ஆண்டறிக்கை, கோவில் கும்பாபிஷேகப் பத்திரிகை என்று பக்கம் கோத்து, சென்னையில் உள்ள அச்சகத்திற்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் பிளாப்பி வட்டை உறையில் போட்டு இரவு பஸ் நடத்துநரிடம் கொடுப்பேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அது திறக்காமல் போகும். ஆகவே மின்னஞ்சல்.

ஒரு பிளாப்பி அளவுள்ள கோப்பு 1.4 மெகாபைட். மின்னஞ்சலில் இணைத்தால் குறியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊதி 1.9 ஆகிறது. என் மோடம் சீராக ஓடும்போது நொடிக்கு 26,400 பிட் வேகத்தில் ஓடுகிறது. அதாவது நொடிக்குச் சுமார் மூன்று கிலோபைட். வகுத்துப் பார்த்தால் பத்தரை நிமிடம். பதினொன்று என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்: பதினொரு நிமிடம் அறாமல் நிற்கும் ஓர் இணைப்பு. என்னுடைய இணைப்போ ஏழாவது நிமிடத்தில் அறும், சில நாள் ஒன்பதாவதில். 80 விழுக்காடு போன பிறகு அறுந்தாலும் அடுத்த முறை முதலிலிருந்துதான் தொடங்கும். ஒரே கோவில் மலரின் அட்டைப் படத்தை ஒரு நாள் ஆறு முறை அனுப்பி, ஆறு முறையும் போகாமல், கடைசியில் இரவு பஸ்ஸுக்கு ஓடினேன்.

முதலில் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன்.

கணினிக்குள் இருந்த மோடம் மலிவானது, அதனால்தான் இப்படி என்று முடிவு கட்டினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாகக் கட்டிய முடிவு. அச்சக வேலையாகச் சென்னை போனபோது ரிச்சி தெருவில் 2,150 ரூபாய் கொடுத்து வெளியே வைக்கும் 56 கே (நொடிக்கு 56,000 பிட் வரை) மோடம் ஒன்று வாங்கினேன். ஊருக்கு வந்து மாட்டினால் வேகம் 31,200. பழையதும் அதே 31,200-தான் காட்டியது. ஏழாவது நிமிடத்தில் இதுவும் அறுந்தது. விளக்குகள் அணைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்பது மட்டும் கூடுதல் வசதி.

அடுத்து விண்டோஸ் 98-ஐ அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஊரில் கணினி பழுது பார்ப்பவருக்கு 200 ரூபாய். எழுத்துருக்கள் எல்லாம் போய் அவற்றைத் திரும்பப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இணைப்பில் மாற்றம் ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக நிறுவனத்தைத் திட்ட ஆரம்பித்தேன். இதற்குச் செலவு இல்லை என்பதால் நீண்ட நாள் செய்தேன்.

ஐப்பசி முதல் தேதி ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன். நேரம், காதில் என்ன கேட்டது, திரையில் என்ன எண் வந்தது, வேகம், எத்தனை நிமிடம் நின்றது, அப்போது மழையா வெயிலா. கடைசிக் கட்டத்தை ஏன் போட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை, நோட்டில் இடம் மிச்சமிருந்தது. அதுதான் கைகொடுத்தது.

ஒரு வாரத்தில் 41 முறை டயல் செய்திருக்கிறேன். 6 முறை எங்கேஜ்டு, திரையில் 676. 11 முறை மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காமல் 678. 3 முறை மோடங்கள் கிரீச்சிட்டுப் பேசி முடித்த பிறகு, பெயரும் கடவுச்சொல்லும் தவறு என்று 691. கடவுச்சொல் மாறவே இல்லை. அடுத்த முறை அதே கடவுச்சொல்லுக்குத் திறந்தது. 4 முறை எல்லாம் சரியாகி இணைப்பும் வந்தது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. மீதி 17 முறை ஒழுங்கான இணைப்பு. அந்த 17-இல் 14 தானாக அறுந்தவை.

இதுவரை இவை அனைத்தையும் "நெட் சரியில்லை" என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டியிருந்தேன். நோட்டில் பார்த்தால் ஐந்து வேறு நோய்கள். மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் கால் கணக்கு ஏறாது. எடுத்துவிட்டு 691 என்று துரத்தினால் ஏறும். காசு எங்கே போகிறது என்பதும் தெரிந்தது.

அறுந்த 14-ஐத் தனியாக எடுத்துப் பார்த்தேன். 9 மழையின்போது, அல்லது மழை விட்டு ஒரு மணி நேரத்திற்குள். 3 முறை உள்ளே அம்மா போனை எடுத்திருக்கிறார். 2 மட்டும் காரணம் தெரியாதவை. மழைக்கும் நிறுவனத்தின் மோடத்திற்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் மாடி அறையில் மழை பெய்யாது. அப்படியானால் கம்பி.

கம்பியைச் சோதித்த விதம். தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதியைக் கேட்க வேண்டும். வெயில் நாளில் என் லைனில் மெல்லிய இரைச்சல். மழை நாளில் கேட்டபோது அப்பளம் நொறுக்கும் சத்தம். பேசும்போது இது காதில் விழாது, மனிதக் காது மன்னித்துவிடுகிறது. மோடத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

ரேடியோ பழுது பார்க்கும் நண்பரிடம் மல்டிமீட்டர் கடன் வாங்கினேன். வெளிச்சுவரில் தெருக் கம்பி வந்து இறங்கும் சிறு பெட்டி இருக்கிறது. மழை தூறும்போது அங்கே வீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் 49 வோல்ட். வீட்டுக் கம்பியை மாட்டி, எல்லாப் போனும் கீழே வைத்த நிலையில் அளந்தால் 43. போனை எடுக்காமலே ஆறு வோல்ட் எங்கேயோ கசிகிறது. கசிவது பெட்டிக்கு இந்தப் பக்கம், அதாவது என் பக்கம். இதை எழுதிய அன்று நோட்டில் வேறு ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் வெயிலில் வேறொரு சோதனை. மணி அடிக்கும்போது லைனில் எழுபது வோல்ட்டுக்கு மேல் வரும், ஈரக் கையுடன் தொடக் கூடாது. ஆகவே தெருக் கம்பியை முழுக்கப் பிரித்துவிட்டு, வீட்டுக் கம்பியின் கடை முனையில் இரண்டு இழைகளையும் ஒன்றாக முறுக்கி, இந்த முனையில் ஓம் அளந்தேன். முப்பது மீட்டர் செம்புக் கம்பி போய்த் திரும்பினால் ஐந்து ஓம் அளவுதான் இருக்க வேண்டும். மீட்டர் 91 காட்டியது. கம்பியை ஆட்டினால் 60, மறுபடி ஆட்டினால் 140. கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். ஓட்டு இறவாணத்துக்கு அடியில், குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு.

அதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. மூன்று ஆண்டுக்கு முன் போனைக் கூடத்திலிருந்து கடைக்கு நீட்டியபோது நானே போட்ட முடிச்சு. டேப்பைப் பிரித்தால் பசை உருகி உள்ளே ஈரம். செம்பில் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. ஓர் இழை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மழைநீர் ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி நேரே அந்த முடிச்சில் விழும்படியான இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வேறு யார் போட்டிருந்தாலும் இந்தப் பத்தி இன்னும் காரமாக இருந்திருக்கும்.

தெருக் கம்பி வேப்பமரக் கிளையில் உரசுவதைப் பார்க்க லைன்மேன் வந்திருந்தார். பச்சை முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யார் வேலை தம்பி?" என்று கேட்டார். "முன்பு ஒருவர் போட்டார் அண்ணே" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. உள்ளே ஜெல்லி நிரம்பிய சிறு இணைப்பான்கள் நான்கைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கம்பியின் உறையைச் சீவாமலே உள்ளே நுழைத்துக் குறடால் அழுத்தினால் போதும். ஜெல்லி ஈரத்தை உள்ளே விடாது. காசு வாங்க மறுத்து காபி மட்டும் குடித்தார்.

இரண்டை வெளிப் பெட்டியில் பயன்படுத்தினேன். இறவாணத்தில் முடிச்சே வேண்டாம் என்று பெட்டியிலிருந்து கடை வரை ஒரே நீளமாகப் புதுக் கம்பி இழுத்தேன். 35 மீட்டர், மீட்டர் 4 ரூபாய். கடையில் போனைச் செருகும் புது ரொசெட் பெட்டி 20 ரூபாய். கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றினேன். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. மின் ஒயர் போகும் பாதையிலிருந்து ஒரு சாண் தள்ளியே ஆணி அடித்தேன். முன்பு இரண்டையும் ஒரே ஆணியில் கட்டியிருந்தேன், மோட்டார் போடும்போது போனில் உறுமல் கேட்கும். வேலை ஒரு பகல். முடிந்து அளந்தபோது 5.2 ஓம். மழை நாளில் 49 வோல்ட் 49-ஆகவே நின்றது.

அம்மா போனை எடுப்பதற்குத் தனி வைத்தியம். வீட்டுப் போனும் கடை மோடமும் ஒரே லைனில் பக்கவாட்டில் தொங்குவதால் ரிசீவரை எடுத்தாலே இணைப்பு போய்விடும். கதவில் சீட்டு ஒட்டிப் பார்த்தேன், சொல்லிப் பார்த்தேன். "போன் வாங்கினது பேசுவதற்கா, கத்தவிடுவதற்கா?" என்றார். பதில் இல்லை. 25 ரூபாய்க்கு இரண்டு இழையையும் ஒன்றாக மாற்றும் ஒரு சுவிட்சும், 15 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வாங்கிக் கடை மேசைக்கு அடியில் பொருத்தினேன். ஒரு பக்கம் தள்ளினால் லைன் வீட்டுக்கு, மறுபக்கம் தள்ளினால் மோடத்துக்கு. முதலில் ஓர் இழையை மட்டும் மாற்றும் சாதாரண சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் வீட்டுக் கம்பியின் மற்றோர் இழை லைனில் வால் போல் தொங்கிக்கொண்டு உறுமலைக் கொண்டுவந்தது. இரண்டையும் வெட்ட வேண்டும்.

ஒரு கிளைக்கதை. கம்பியைக் கண்டுபிடிப்பதற்கு முன், மோடத்துக்கே மருந்து கொடுத்தேன். எஸ்10 என்று ஒரு பதிவேடு இருக்கிறது. எதிர்முனைச் சத்தம் எவ்வளவு நேரம் காணாமல் போனால் வைத்துவிடலாம் என்று அது சொல்லும். அலகு பத்தில் ஒரு நொடி. என் மோடத்தில் 14 இருந்தது, அதாவது 1.4 நொடி. அதை 60 ஆக்கினேன். கூடவே வேகத்துக்கு உச்சவரம்பு போட்டு 26,400-க்கு மேல் போகாதே என்று கட்டிவைத்தேன். ஏழு நிமிடம் ஒன்பது ஆயிற்று. காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்ட கதைதான். கம்பி மாறிய பிறகு எஸ்10-ஐப் பழைய எண்ணுக்கே கொண்டுவந்தேன். வேக வரம்பை மட்டும் எடுக்கவில்லை. 31,200-இல் அடிக்கடி நின்று மறுபடி பேரம் பேசுகிற மோடத்தைவிட, 26,400-இல் சீராக நடக்கிற மோடம் கோப்பைச் சீக்கிரம் சேர்க்கிறது. மூன்று முறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

அறுவது நின்றது. மணி அடித்து எடுக்காமல் இருப்பது நிற்கவில்லை. நோட்டைத் திருப்பினேன். அந்த 11-இல் ஒன்றுகூடக் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் இல்லை, எல்லாம் ஒன்பது மணிக்கு மேல். கூட்டம் அதிகமென்றால் எங்கேஜ்டு வர வேண்டும். லைன் காலியாக இருக்கிறது, ஆனால் எடுக்க ஆள் இல்லை. இது என்ன விதமான கூட்டம்?

நிறுவனத்துக்கு ஓர் எண்தான் நாம் டயல் செய்கிறோம். அதன் பின்னால் பல லைன்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவதில் ஆள் இருந்தால் இரண்டாவது, அதிலும் இருந்தால் மூன்றாவது என்று தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் தேடிக்கொண்டு போகும். ஹன்டிங் என்பார்கள். வரிசையில் ஒரு மோடம் உறைந்துபோனால் அந்த லைன் காலி போலவே தெரியும். முன்னால் இருப்பவை நிரம்பியதும் அடுத்து வருகிறவர்கள் அனைவரும் அதன் மேலேயே போய் விழுவார்கள். பின்னால் பத்து மோடம் சும்மா இருந்தாலும் பயனில்லை. காலையில் ஆள் குறைவு, அதனால் யாரும் அந்தப் பள்ளம் வரை போவதில்லை.

சரியா என்று பார்க்க ஒரு வழி தோன்றியது. செத்த மோடத்தின் மேல் வேறொரு போனை மணி அடிக்க விட்டால் அந்த லைன் எங்கேஜ்டு ஆகிவிடும், என் அழைப்பு அதைத் தாண்டிப் போகும். காசு கொடுத்துப் போன் பேசும் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போனேன். நிறுவனத்தின் எண்ணைச் சுழற்றி மணி அடிக்க விட்டுக்கொண்டு, கடையில் இருந்த பையனுக்குக் கையசைத்தேன். அவன் டயல் பொத்தானை அழுத்தினான். முதல் முறையிலேயே கிரீச் சத்தம். ஐந்து முறை பூத்தில் மணி அடிக்கவிட்டுச் செய்தோம், ஐந்திலும் கிடைத்தது. பூத் இல்லாமல் ஐந்து முறை, ஐந்தும் 678. பூத்துக்காரர் காசு கேட்க முடியவில்லை, யாரும் எடுக்கவில்லையே. "யாருக்குத் தம்பி இத்தனை தடவை அடிக்கிறாய்? எடுக்கவே மாட்டேன் என்கிறார்களே" என்று வருத்தப்பட்டார்.

இந்தக் கணக்கோடு நிறுவனத்துக்குப் போனேன். அதுவரை அங்கே போனில் சண்டை போட்டிருக்கிறேனே தவிர நேரில் போனதில்லை. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மரத்தட்டில் பதினாறு மோடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தன. ஒரு லினக்ஸ் கணினி, ஒரு மேசை விசிறி, யுபிஎஸ்ஸுக்கு இரண்டு பாட்டரி. வெளியுலகத்துக்கு 64 கிலோபிட் வாடகை லைன் ஒன்று. பார்த்துக்கொள்பவர் இருபத்திரண்டு வயதுப் பையன். காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை அவர் ஒருவர்தான்.

பார்த்ததும் எனக்கே கோபம் பாதி இறங்கியது. 1995 ஆகஸ்ட் 15-இல் அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் இணையச் சேவை தொடங்கியபோது அது பெருநகரங்களோடு சரி, எங்கள் ஊரிலிருந்து தொட வேண்டுமானால் எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்பு, போட வேண்டும். 1998 நவம்பரில் வந்த இணையச் சேவைக் கொள்கைக்குப் பிறகுதான் தனியார் வந்தார்கள். அதில் சி பிரிவு உரிமம் என்பது ஒரு தொலைபேசி வட்டாரத்துக்குள் மட்டும் நடத்திக்கொள்ள. அப்போது வங்கி உத்தரவாதம் மூன்று லட்சம் ரூபாய். நாடு முழுவதற்குமான ஏ பிரிவுக்கு இரண்டு கோடி. மூன்று லட்சக்காரர்கள் வந்திராவிட்டால் நான் இன்னும் பஸ் நடத்துநரைத்தான் தேடிக்கொண்டிருப்பேன்.

மணி அடித்தும் எடுக்காதது வரிசையில் மூன்றாவது மோடம். அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் தொட்டுக் கையை உதறினார். அணைத்துப் போட்டதும் முதல் மணியிலேயே எடுத்தது. நான்கு நாள் கழித்து மறுபடி உறைந்தது. இதற்கு மூன்று செய்தோம். அடுக்கைக் கலைத்து ஒவ்வொரு மோடத்துக்கும் நடுவில் நான்கு சோடா மூடி வைத்துக் காற்று போக வழி விட்டோம். இது என் யோசனை, அவருக்குச் சிரிப்பு. மோடம் உறைந்தது தெரிந்தால் சரி செய்யும் வரை அந்த லைனில் ஒரு பழைய போனை மாட்டி ரிசீவரை எடுத்து வைத்துவிடுவது. லைன் எங்கேஜ்டு ஆகிவிடும், அழைப்புகள் தாண்டிப் போகும். இது அவருக்கு மிகவும் பிடித்தது. மூன்றாவதாக, தெருவிளக்குக்குப் போடுகிற சுழல் டைமர் ஒன்றை மோடங்களின் மின்சாரத்துக்கு நடுவில் வைத்து, விடியற்காலை நான்கு மணிக்குக் கால் மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது. ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போன பிறகு உறைகிற மோடம் காலை எட்டு வரை கிடப்பதில்லை. நான்கு மணிக்கு இணையத்தில் இருப்பவர் யார் என்று கேட்டேன். ஒரே ஒருவர், அமெரிக்காவில் மகன் இருப்பவர். அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அங்கேதான் 56 கே விஷயமும் தெரிந்தது. அவர்களுக்கு வரும் பதினாறும் நம் வீட்டுக்கு வருவது போன்ற சாதாரணக் கம்பி லைன். இரண்டு முனையிலும் அப்படியிருந்தால் 33,600-ஐத் தாண்டவே தாண்டாது. 56 கே வேண்டுமென்றால் நிறுவனத்தின் பக்கம் எக்ஸ்சேஞ்சிலிருந்து டிஜிட்டல் லைனாக வந்திருக்க வேண்டும். என் 2,150 ரூபாய் மோடம் இந்த ஊரில் ஒரு நாளும் தன் பெயருக்கு ஏற்ப ஓடப்போவதில்லை. பையன் இதைச் சொல்லும்போது சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி.

691 வருவதும் தளம் திறக்காததும் ஒரே இடத்து நோய்: அந்த லினக்ஸ் கணினி. கடவுச்சொல் சரிபார்ப்பது, தளப் பெயரை எண்ணாக்குவது இரண்டும் அதன் தலையில். அது திணறினால் இரண்டும் போகும். 691-க்கு என்னால் செய்யக்கூடியது இல்லை. ஒரு நிமிடம் விட்டு மறுபடி டயல் செய்கிறேன், அவ்வளவுதான். தளப் பெயரை எண்ணாக்குவதற்கு மட்டும், டயல்-அப் அமைப்பில் இரண்டாவது முகவரியாக 4.2.2.2 என்று, அதே வேலையைச் செய்யும் வெளிக் கணினி ஒன்றின் எண்ணைப் போட்டு வைத்தேன். முதலாவது பதில் சொல்லாவிட்டால் இதைக் கேட்கும். மெதுவாகத்தான் திறக்கும், ஆனால் திறக்கிறது. இதற்கு முன் மிகையான புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். அச்சகத்தின் அஞ்சல் கணினி எண்ணை, எந்தப் பெயருக்கு எந்த எண் என்று என் கணினியே வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நிலையாக எழுதிவைத்தேன். பத்து நாள் அருமையாக ஓடியது. அவர்கள் எண்ணை மாற்றினார்கள். அன்று அரை நாள் கம்பியையும் மோடத்தையும் நிறுவனத்தையும் சந்தேகித்த பிறகுதான் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை பன்னிரண்டு பேர் உள்ளே இருந்தால் 64 கிலோபிட்டில் தலைக்கு ஐந்து சொச்சம். இதற்குச் சோடா மூடி உதவாது. பெரிய கோப்புகளைக் காலை ஐந்தரைக்கு அனுப்பப் பழகிக்கொண்டேன். அப்போது மின்வெட்டும் குறைவு.

இனி வெட்கத்தோடு ஒன்று. கோப்பை 300 கிலோபைட் துண்டுகளாக ஜிப் செய்து தனித்தனி அஞ்சலாக அனுப்பினால் ஒவ்வொன்றும் இரண்டேகால் நிமிடம். ஏழு நிமிடத்தில் அறுகிற பழைய இணைப்பிலேயே மூன்று துண்டு போயிருக்கும். அறுந்தாலும் ஒரு துண்டுதான் வீண். இதை நான் யோசித்தது கம்பி மாற்றி இரண்டு வாரம் கழித்து. முதலில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ஸிலேயே, பெரிய அஞ்சலைத் துண்டாக்கு என்ற கட்டத்தை டிக் செய்து அனுப்பினேன். அச்சகத்தில் வேறு மென்பொருள், அவர்களால் ஒட்டவைக்க முடியவில்லை. எழுத்துக் குப்பையாக ஐந்து அஞ்சல் வந்திருக்கிறது என்று போன் செய்தார்கள். ஜிப் துண்டுகளில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே நிபந்தனை, எல்லாத் துண்டும் சேராமல் பிரிக்கக் கூடாது. அஞ்சல் தலைப்பில் ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுகிறேன்.

செலவு: கம்பி 140, ரொசெட் 20, சுவிட்ச் 25, பெட்டி 15. மொத்தம் 200 ரூபாய். மல்டிமீட்டர் நண்பருக்கு இரண்டு டீ. வேலைக்கு ஆகாத செலவு: மோடம் 2,150, விண்டோஸ் 200. பழைய உள் மோடத்தைப் புதுக் கம்பியில் மாட்டிப் பார்த்தேன். 26,400-இல் ஒரு மணி நேரம் நின்றது. அதன் பிறகு அதைப் பார்க்கப் பிடிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

மறுபடி இதே தொல்லை வந்தால் வரிசையை மாற்றுவேன். முதல் நாள் நோட்டு. இரண்டாம் நாள், மோடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெளிப் பெட்டியில் நேரே மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. வீட்டுக் கம்பியா வெளிக் கம்பியா என்று அரை நாளில் தெரிந்துவிடும், ஓம் மீட்டர்கூட வேண்டாம். இதை ஏன் செய்யவில்லை என்றால், கணினி மேசையிலிருந்து பெட்டி வரை மோடத்தின் மின்கம்பி எட்டாது. ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி 60 ரூபாய்.

மேசையடிச் சுவிட்சில் இன்னும் வேலை பாக்கி. போன வியாழக்கிழமை காலை கோப்பு அனுப்பிவிட்டு, லைனை வீட்டுப் பக்கம் தள்ள மறந்து வெளியூர் வேலையாகப் பஸ் ஏறிவிட்டேன். இரவு திரும்பும் வரை வீட்டுப் போன் ஊமை. துபாயிலிருந்து தங்கை நான்கு முறை அடித்துப் பார்த்து, பயந்துபோய்ப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு அடித்திருக்கிறாள். பூத்துக்காரர் ஓடிவந்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார். மோடம் பக்கம் தள்ளியிருந்தால் எரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கை வாங்கி வைத்திருக்கிறேன். லைனிலிருந்து மின்சாரம் எடுத்தால் மறுபடி கசிவு என்று மீட்டர் சொல்லும். தனியாக இரண்டு பென்டார்ச் செல் போட்டு, சுவிட்சை மூன்று இழை மாற்றுவதாக வாங்க வேண்டும். இந்த ஊரில் அது கிடைக்கவில்லை, கும்பகோணம் போகும்போது பார்க்க வேண்டும்.